ஃபில்லெட் வெல்டுல ஸ்லாக் மாட்டுது, ரூட்ல பிடிக்கல: ராடு வெல்டிங்ல காரணம் கண்டுபிடிச்சு சரி பண்ற முழு வழிகாட்டி

ரெண்டு பிளேட் சேர்ற மூலைல போடற வெல்டுதான் ஃபில்லெட். மேல பாத்தா குறையே சொல்ல முடியாது. ரிப்பிள் வரிசையா விழுந்திருக்கு, ஸ்லாக் (ராடோட பூச்சு உருகி மேல உறையற கசடு) தட்டினதுமே பட்டையா உரிஞ்சு வந்துடுச்சு, பாக்கறவங்க சபாஷ் போடறாங்க. அதே ஜாயின்ட்டை வைஸ்ல மாட்டி சுத்தியால நாலு போடு போட்டா படக்குனு கழண்டு வந்துடும், உள்ள மூலை நெடுக (இதுதான் ரூட்) பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பா ஸ்லாக் உக்காந்திருக்கும், நிக்கற பிளேட்டோட அடி விளிம்பு வெட்டினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே புதுசா இருக்கும். எனக்கு இது முதல்ல நடந்தப்ப ராடைத்தான் திட்டினேன், அப்புறம் மெஷினை. ரெண்டு மேலயும் தப்பு இல்ல, தப்பு என் கைல இருந்துச்சு.

ஸ்லாக் மாட்றது ஒரு வியாதி, ஃபியூஷன் ஆகாதது, அதாவது பிளேட் உருகி வெல்டோட கலக்காதது, வேற வியாதினு தனித்தனியா மருந்து தேடுவாங்க. ஃபில்லெட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். ஆர்க் நேரா எங்க படுதோ அந்த இரும்புதான் உருகும். ஆர்க்குக்கும் பிளேட்டுக்கும் நடுவுல ஸ்லாக்கோ, ஏற்கனவே உருகின மெட்டலோ வந்து படுத்துக்கிச்சுனா சூடு அது மேலயே செலவாயிடும், அடில இருக்கற பிளேட் உருகாது. உருகாத பிளேட் மேல மெட்டல் வழிஞ்சு மூடிக்கும், நடுவுல ஸ்லாக் சிறைப்பட்டுடும். ஸ்லாக் இரும்பை விட எடை குறைவு, இரும்போட அடர்த்தில பாதி கூட வராது, அதனால உருகின மெட்டல் குட்டை கொஞ்ச நேரம் திரவமா நின்னா அதுவே மேல மிதந்து வந்துடும். மூலை குறுகலா இருந்தாலோ, குட்டை சீக்கிரம் உறைஞ்சாலோ வர வழியில்லாம மாட்டிக்குது. இதை மனசுல வெச்சுக்கிட்டா கீழ சொல்ற ஒவ்வொண்ணும் ஏன்னு புரியும்.

முதல் வேலை: ஒண்ணை உடைச்சுப் பாருங்க

மெஷின்ல கை வைக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பீஸ் ஒண்ணு போடுங்க. நீங்க வேலை செய்யற அதே தடிமன்ல ரெண்டு துண்டு, 150 மி.மீ நீளம், ஒண்ணு மேல ஒண்ணு டி மாதிரி நிறுத்தி ரெண்டு கடைசிலயும் டேக் (பிடிச்சு நிக்க சின்னப் பொட்டு வெல்டு) போட்டு ஒரே ஒரு பக்கம் மட்டும் வெல்டு பண்ணுங்க. அதே ராடு, அதே ஆம்பியர், அதே பொசிஷன். நடுவுல வேணும்னே ஒரு தடவை நிறுத்தி திரும்ப ஆரம்பிங்க, ஏன்னா பாதி ஸ்லாக் அங்கதான் பதுங்கியிருக்கும்.

ஆறினதும் வெல்டு இல்லாத பக்கத்துல இருந்து நிக்கற பிளேட்டை அடிச்சு வெல்டு இருக்கற பக்கமா சாய்க்கணும், அப்பதான் ரூட் வாயைத் திறக்கும். கண்ணாடி போட்டுக்கிட்டு அடிங்க, துண்டு தெறிக்கும். மடங்கி பிளேட்டோட பிளேட்டா படுத்துடுச்சு, உடையலைனா சந்தோஷம், உங்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். இருந்தாலும் உள்ள பாக்கணும்னு ஆசைப்பட்டா பீட் (வெல்டு வரி) மேல நீளவாக்குல கிரைண்டர்ல லேசா ஒரு கோடு இழுத்துட்டு திரும்ப அடிங்க.

உடைஞ்ச முகத்தை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க. சாம்பல் நிறத்துல கிழிஞ்ச மாதிரி சொரசொரனு இருக்கற இடம் நல்ல மெட்டல். கண்ணாடித் துணுக்கு மாதிரி கருப்பாவோ பழுப்பாவோ மின்னறது ஸ்லாக். உருண்டையா, புழு போன தடம் மாதிரி ஓட்டை இருந்தா அது போரோசிட்டி, ஈரமோ எண்ணெயோ பெயின்டோ காரணம், அது வேற கதை. நிக்கற பிளேட்டோட அடி விளிம்பு கூர்மையா, வெட்டின தடம் தெரியற மாதிரி மிச்சம் இருந்தா ரூட் உருகவே இல்லனு அர்த்தம். ஒரு பிளேட்டோட முகம் மட்டும் மில் ஸ்கேல் (இரும்பைச் சூடா உருட்டும்போது மேல படியற ஆக்சைடு) நீலத்தோட வழவழனு கழண்டு வந்திருந்தா அந்தப் பக்கம் ஆர்க் படலை, கோணம் தப்பு.

எங்க இருக்குனும் கவனிங்க. நெடுக இருந்தா ஆம்பியர், கோணம், வேகம் இதுல ஏதோ ஒண்ணு. நிறுத்தி ஆரம்பிச்ச இடத்துல மட்டும்னா ரீஸ்டார்ட் தப்பு. டேக் போட்ட இடத்துல மட்டும்னா டேக்கை சுத்தம் பண்ணாம மேல ஓட்டியிருக்கீங்க. இந்தப் பத்து நிமிஷ வேலை பண்ணாம குமிழைத் திருகிட்டே இருக்கறது இருட்டுல சாவி தேடற மாதிரி.

ஆம்பியர்

டி ஜாயின்ட்ல சூடு மூணு பக்கமா ஓடும், நிக்கற பிளேட்ல ஒண்ணு, படுத்திருக்கற பிளேட்ல ரெண்டு பக்கம். பட் ஜாயின்ட்ல ரெண்டே வழிதான். அதனால தட்டையான துண்டு மேல பீட் ஓட்டிப் பாத்து செட் பண்ண ஆம்பியரை அப்படியே மூலைக்குக் கொண்டு போனா பத்தாது, 10 சதவீதமாவது ஏத்தணும். பழகறவங்க பாதிப் பேர் விழற குழி இதுதான், மெல்லிசு தகடுல ஓட்டை விழுந்த பயத்துல எல்லாத்துக்கும் குறைச்சே வெச்சுப்பாங்க.

சுமாரான அளவு (6013, 7018-னு சொல்றது ராடு வகையோட நம்பர்): 6013 ராடு 2.5 மி.மீ-க்கு 60 முதல் 90, 3.15-க்கு 90 முதல் 130. 7018 ராடு 2.5-க்கு 70 முதல் 100, 3.15-க்கு 100 முதல் 140. பாக்கெட் மேல போட்டிருக்கறது இதுல இருந்து கொஞ்சம் மாறும், பாக்கெட் சொல்றதுதான் பேச்சு. 8 மி.மீ பிளேட்ல ஃபில்லெட்னா அந்த ரேஞ்சோட மேல் பாதில ஆரம்பிங்க.

கம்மியா இருக்குனு எப்படித் தெரியும்? ராடு அடிக்கடி ஒட்டும், பீட் கயிறு ஒட்டி வெச்ச மாதிரி உப்பி நிக்கும், ஓரம் பிளேட்டோட கலக்காம நகம் நுழையற மாதிரி மடிஞ்சிருக்கும், ஸ்லாக் ஆர்க்குக்கு முன்னாடி ஓடி வந்து விளையாடும். அதிகம்னா ராடு பாதிலயே செவந்துடும், ஓரத்துல அண்டர்கட் (பிளேட்டை அரிச்ச மாதிரி பள்ளம்) விழும், ஸ்பேட்டர் தெறிக்கும்.

இங்க ஒரு ஏமாத்து வேலை இருக்கு. நிறைய இன்வெர்ட்டர் மெஷின்ல டிஸ்பிளே காட்டறது நீங்க வெச்ச அளவை, ஓடற அளவை இல்ல. மெலிசான நீள எக்ஸ்டென்ஷன் ஒயர், லைன் வோல்டேஜ் கம்மி, வெல்டிங் கேபிள் நீளம், எர்த் கிளாம்ப் பெயின்ட் மேல கடிச்சிருக்கு, இதுல ரெண்டு சேந்தாலே 120 வெச்சாலும் அது வராது, ஆர்க் சோம்பலா எரியும். டி.சி அளக்கற கிளாம்ப் மீட்டர் கிடைச்சா ஓட்டும்போதே அளந்து பாருங்க. இல்லையா, அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு மெஷினை அணைச்சு எர்த் கிளாம்ப், ஹோல்டர், கேபிள் லக் மூணையும் கையுறையோட தொட்டுப் பாருங்க, எது சுடுதோ அங்க லூஸ் கனெக்ஷன்.

சுத்தம், இடைவெளி, டேக்

மில் ஸ்கேல் மேல ஓட்டலாமானு கேட்டா, ஓட்டலாம், 6010 மாதிரி குத்திக்கிட்டுப் போற ராடு அதைத் தாங்கும். 6013 ஆழமாப் போகாத ராடு, அதுக்கு மில் ஸ்கேல், துரு, பிரைமர் எல்லாம் எதிரி. மூலைல ரெண்டு பக்கமும் 20 மி.மீ அகலத்துக்கு கிரைண்டர் போட்டு வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் எடுத்துடுங்க. நிக்கற பிளேட்டோட அடி விளிம்பை மறந்துடாதீங்க, கேஸ் கட்டிங் பண்ண பிளேட்னா அங்க ஆக்சைடு தடிப்பா ஒட்டியிருக்கும், அது அப்படியே ரூட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். கால்வனைஸ் பிளேட்னா மேல இருக்கற சிங்க் (துத்தநாகம்) பூச்சை எடுத்துடுங்க, அந்தப் புகையை சுவாசிக்கவே கூடாது.

இடைவெளி 1.5 மி.மீ தாண்டினா ஸ்லாக்குக்கு ஒளிஞ்சுக்க அறை கட்டிக் கொடுத்த மாதிரி. அதோட அளவும் ஏமாத்தும்: லெக் (மூலைல இருந்து பிளேட் மேல பீட் எட்டற நீளம்) 5 மி.மீ-னு கேஜ் காட்டும், ஆனா 2 மி.மீ இடைவெளி இருந்தா அதுல பிளேட்டோட உண்மையாப் பிடிச்சது 3 தான். இடைவெளி எவ்வளவோ அவ்வளவு லெக்கை ஏத்தணும், அதை விட கிளாம்ப் போட்டு நெருக்கறது நல்லது.

டேக்கை ஸ்லாக் தட்டி பிரஷ் போட்டு, ரெண்டு முனையையும் கிரைண்டர்ல சரிவா இழைச்சு விடுங்க. குண்டு டேக் மேல ஏறி இறங்கும்போது ஆர்க் நீளம் மாறும், ஏறுற இடத்துக்குப் பின்னாடி ஒரு பொட்டு ஸ்லாக் நிச்சயம்.

ராடு

மூலைக்கு பெரிய ராடு எடுக்கறது சோம்பேறித்தனம், நானும் பண்ணியிருக்கேன். 4 மி.மீ ராடை ஃப்ளக்ஸோட (மேல் பூச்சோட) சேத்துப் பாத்தா 6 மி.மீ-க்கு மேல வரும், குறுகின மூலைக்குள்ள அந்த நுனி போகவே போகாது, ரெண்டு பிளேட்டோட முகத்துலயும் ஃப்ளக்ஸ் முட்டிக்கிட்டு நிக்கும், ஆர்க் ரூட்டுக்கு மேலயே பாலம் போட்டுடும். முதல் ரன் (ஒரு தடவை ஓட்டற வெல்டு வரி) 2.5 அல்லது 3.15, மேல வேணும்னா பெரிசு. 60 டிகிரிக்கும் குறைவான கோணத்துல சேர்ற ஜாயின்ட்னா 2.5 தவிர வேற பேச்சே இல்ல.

6013 ஸ்லாக் நல்லா இளகி ஓடும், ஆம்பியர் குறைஞ்சா முன்னாடி பாயும். 7018 ஸ்லாக் கொஞ்சம் கட்டியா பின்னாடியே நிக்கும், ரூட்ல பிடிப்பும் நல்லா கிடைக்கும், ஆனா ஆர்க் நீளமானா உடனே கோவிச்சுக்கும். டி.சி-ல 7018-க்கு ஹோல்டர் பிளஸ்ல இருக்கணும். கேபிள் மாறி மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா மண்டைய உடைச்சுக்கறவங்களைப் பாத்திருக்கேன், மூடியைத் திறந்து பிளஸ் மைனஸ் பாக்க ஒரு நிமிஷம்.

7018 ஈரம் இழுத்தா முக்கியமா வர்றது ஹைட்ரஜன் கிராக், போரோசிட்டி. ஆர்க்கும் துள்ள ஆரம்பிச்சுடும், துள்ளற ஆர்க்கை வெச்சு ரூட்டைப் பிடிக்க முடியாது. பாக்கெட்டைப் பிரிச்சு காத்துல விட்டா பொதுவா 4 மணி நேரம்தான் கணக்கு, அதுக்கு மேலனா 300 டிகிரிக்கு மேல சூடாக்கித் திரும்ப உலத்தணும், சரியான சூடும் நேரமும் தயாரிப்பாளர் போட்டிருப்பார். 6010-ஐ மட்டும் ஓவன்ல போட்டுடாதீங்க, அதோட ஃப்ளக்ஸ்ல ஈரம் இருக்கணும். ஃப்ளக்ஸ் ஒரு பக்கம் உடைஞ்ச ராடை தயங்காம ஓரங்கட்டுங்க, ஆர்க் கோணலா எரியும்.

கை, கண்

இங்கதான் பாதிக்கு மேல விஷயம் இருக்கு.

முதல்ல கண்ணு. எதைப் பாக்கணும்னு தெரியாமதான் பல பேர் ஓட்டறாங்க, எல்லாரும் ஆர்க் வெளிச்சத்தைப் பாக்கறாங்க. பாக்க வேண்டியது குட்டையோட முன் விளிம்பு. அங்க ரெண்டு பொருள் தெரியும்: ஒண்ணு தண்ணி மாதிரி பளபளனு, மேல அலை ஓடற மாதிரி, அது மெட்டல். இன்னொண்ணு அதை விட பிரகாசமா ஆரஞ்சு நிறத்துல, பாலாடை நகர்ற மாதிரி மெட்டல் மேல ஊர்ந்து வரும், அது ஸ்லாக். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எல்லைக் கோடு இருக்கும், அது எப்பவும் ராடு நுனிக்குப் பின்னாடி இருக்கணும். அது நுனிக்கு நேர வந்துடுச்சுனா அந்த இடத்துல ரூட் போச்சு, அப்புறம் மேல எவ்வளவு அழகா ரிப்பிள் விழுந்தாலும் பிரயோஜனம் இல்ல. இது தெரியணும்னா ஹெல்மெட் கண்ணாடியோட ஷேடு (கருப்பு அளவு) சரியா இருக்கணும், 90 முதல் 140 ஆம்பியருக்கு 10 நம்பர் பொதுவா போதும், 12 அல்லது 13 போட்டுக்கிட்டா கன்னங்கரேல்னு ஒண்ணும் தெரியாது. வெள்ளெழுத்து வந்தவங்க வெட்கப்படாம ஹெல்மெட்டுக்குள்ள பவர் லென்ஸ் வெச்சுக்கோங்க, கை மோசமாயிடுச்சுனு நினைச்சவங்க பாதிப் பேருக்கு கண்ணுதான் மோசமாயிருக்கும்.

ஸ்லாக் முன்னாடி வர்றதைப் பாத்துட்டீங்க, அந்த நொடி என்ன பண்ணணும்? ஆர்க்கை இன்னும் குறைச்சு ராடைக் கிட்டத்தட்ட மூலைல தேய்க்கற மாதிரி கொண்டு போங்க, போற திசைப் பக்கமா ராடை இன்னும் கொஞ்சம் சாய்ங்க, ஆர்க்கோட வேகம் ஸ்லாக்கைப் பின்னாடி தள்ளும், கூடவே கொஞ்சம் வேகமா நகருங்க. அதுக்கும் அடங்கலைனா நிறுத்திடுங்க. நிறுத்தி, தட்டி, ஆம்பியர் 5 அல்லது 10 ஏத்திட்டு ஆரம்பிங்க, பிடிவாதமா ஓட்டி முடிச்சா அப்புறம் கிரைண்டர்ல தோண்டற வேலை மூணு மடங்கு.

கோணம் ரெண்டு. ரெண்டு பிளேட்டுக்கும் நடுவுல 45 டிகிரி, ஒண்ணு தடிமனா இருந்தா ராடைத் தடிமனான பக்கம் பாக்கத் திருப்புங்க, அதுதான் சூட்டைக் குடிக்கும். போற திசைல 10 முதல் 15 டிகிரி சாய்வு, அதாவது ராடோட நுனி பின்னாடி விட்ட பீடைப் பாக்கணும், ராடை இழுத்துக்கிட்டு போறோம். ராடு வெல்டிங்ல தள்ளிக்கிட்டு போனா ஸ்லாக்கை நாமளே முன்னாடி துரத்தறோம். ராடு குறையக் குறைய கை தானா இறங்கி கோணம் மாறிடும், கடைசி 100 மி.மீ-ல தப்பு வர்றதுக்கு இதுதான் காரணம்.

ஆர்க் நீளம் ராடோட உள் கம்பி விட்டத்தை விட அதிகமாகக் கூடாது. 3.15 ராடுனா 3 மி.மீ, 7018-க்கு அதுலயும் பாதி. காதும் உதவும், சரியான ஆர்க் எண்ணெய்ல ஏதோ பொரியற மாதிரி ஒரே சீரா சத்தம் போடும், நீளமானா உஸ்ஸுனு காத்து போற சத்தம்.

வேகம் பத்தி ஒரு மூடநம்பிக்கை இருக்கு, மெதுவாப் போனா நல்லா ஆழமாப் பிடிக்கும்னு. ஃபில்லெட்ல நேர் எதிர். மெதுவாப் போனா குட்டை பெருத்து ஆர்க்குக்கு அடியிலயே வந்துடும், ஆர்க் குட்டை மேல எரியும், பிளேட் மேல எரியாது. பீட் குண்டா, பலசாலி மாதிரி இருக்கும், ரூட் காலி.

வேகம் சரியானு கண்டுபிடிக்க ஒரு கணக்கு வெச்சிருக்கேன். 3.15 ராடு 350 மி.மீ நீளம், 50 மி.மீ கட்டையை விட்டா எரியறது 300. உள் கம்பியோட குறுக்குப் பரப்பு 7.8 சதுர மி.மீ, ஆக சுமார் 2340 கன மி.மீ, தெறிச்சு வீணாப் போறது போக ஒரு 2100 மூலைல விழும். லெக் 5 மி.மீ ஃபில்லெட்டோட முக்கோணம் 12.5 சதுர மி.மீ, லேசான உப்பல் சேத்து 14. வகுத்துப் பாத்தா 150 மி.மீ. அதாவது ஒரு 6013 ராடு எரிஞ்சு முடியும்போது 5 மி.மீ லெக்ல சுமார் அரை அடிக்கு பீட் வந்திருக்கணும். லெக் 4-னா 230 கிட்ட, 6-னா 105 கிட்ட. சாக்பீஸால பிளேட்ல கோடு போட்டுட்டு ஓட்டிப் பாருங்க. ஒரே ரன்ல 90 மி.மீ-தான் வந்துச்சுனா ரொம்ப ஊறிப் போறீங்க, 6 மி.மீ-க்கு மேல வேணும்னா ரெண்டு மூணு ரன்னா பிரிச்சுப் போடுங்க.

ரூட் ரன்ல வீவிங் (ராடைப் பக்கவாட்டுல ஆட்டறது) வேண்டாம், நேரா இழுங்க. ஜாபைச் சாய்க்க முடிஞ்சா சாய்ச்சு, மூலை V மாதிரி மேல பாக்கற மாதிரி வெச்சு ஓட்டுங்க, அதை விட சுகம் வேற இல்ல. ஆனா போற திசை பள்ளமா இருக்கக் கூடாது, லேசான இறக்கமே போதும் ஸ்லாக் உங்களை முந்திடும்.

நிறுத்தி ஆரம்பிக்கறது

ராடு தீந்ததும் புது ராடு மாட்டி, சூடா இருக்கும்போதே கிரேட்டர் (பீட் முடிஞ்ச இடத்துல விழற குழி) மேல தொட்டுப் பத்தவைக்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. கிரேட்டர்ல ஸ்லாக் தட்டுங்க, அதோட பின்னாடி 20 மி.மீ-யும் பிரஷ் போடுங்க. கிரேட்டர்ல இருந்து போற திசைல 10 முதல் 15 மி.மீ தள்ளி, வெல்டு வரப் போற மூலைலயே ஆர்க் பிடிச்சு, பின்னாடி வந்து கிரேட்டரை நிரப்பி, அது பழைய பீட் உயரத்துக்கு வந்ததும் முன்னாடி போங்க. பிடிச்ச இடம் திரும்ப உருகிடும், தடமே இருக்காது. முடிக்கும்போதும் படக்குனு தூக்காம ஒரு நொடி நின்னு லேசா பின்னாடி வந்து எடுங்க.

ரெண்டாவது ரன், மூணாவது ரன்

முதல் ரன் உப்பியிருந்தா அதோட ஓரத்துக்கும் பிளேட்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும், அங்க இருக்கற ஸ்லாக் சிப்பிங் சுத்திக்கு வராது, பிரஷ்ஷுக்கும் வராது. அடுத்த ரன்ல அது உருகி வந்துடும்னு நம்பாதீங்க, வராது. மெல்லிசு டிஸ்க் போட்டு அந்தச் சந்தை லேசாத் திறந்து விட்டுட்டு ஓட்டுங்க. ரெண்டாவது ரன் முதல் ரன்னோட கீழ் ஓரத்தைப் பாத்துப் போகணும், முதல் ரன்ல பாதிக்கு மேல மூடணும், மூணாவது மேல் பக்கம். ரெண்டு ரன்னுக்கு நடுவுல பள்ளத்தாக்கு விழுந்தா இடம் தப்பிச்சுனு அர்த்தம்.

செங்குத்து

6013 வெச்சு மேல இருந்து கீழ இழுத்தா அழகா, வேகமா வரும், ஆசையா இருக்கும். ஸ்லாக்கும் கூடவே கீழ விழுந்துக்கிட்டே வரும், ரூட்ல பிடிச்சதா இல்லையானு சொல்லவே முடியாது. மெல்லிசு தகடுக்கு சரி, சுமை தாங்கற ஜாயின்ட்டுக்கு கீழ இருந்து மேல. ரூட்ல ஆர்க்கை நுழைச்சு, ரெண்டு பக்கமும் ஒரு நொடி நின்னு, நடுவுல சட்டுனு தாண்டுங்க.

எல்லாம் சரி, ஆனா ஆர்க் மட்டும் ஒரு பக்கமா பறக்குது

டி.சி-ல மூலை முடிவுக்குக் கிட்ட போகும்போது ஆர்க் காத்துல விளக்கு மாதிரி சாயும், ஸ்லாக் கண்டபடி சுழலும். அது ஆர்க் ப்ளோ, காந்தத்தோட வேலை. எர்த் கிளாம்ப்பை வேற முனைக்கு மாத்துங்க, ஆர்க்கைக் குறைங்க, ஆம்பியர் கொஞ்சம் இறக்குங்க, ராடு ஒத்துக்கும்னா ஏ.சி-க்கு மாறுங்க, பெரும்பாலும் அதோட அடங்கிடும்.

ஏற்கனவே போட்ட வெல்டை என்ன பண்றது

மேல இன்னொரு ரன் போட்டு மூடறது வேலையே இல்ல, புண்ணு மேல பவுடர் பூசற மாதிரி. தோண்டி எடுக்கணும். கிரைண்டர்ல லேசு லேசா எடுத்துக்கிட்டே வாங்க, பளபளப்புக்கு நடுவுல கருப்புப் பொட்டோ கோடோ தெரியும், அது மறையற வரைக்கும் போங்க, மறைஞ்சதும் ரெண்டு முனையையும் சரிவா விடுங்க. பள்ளம் அகலமா, அடி உருண்டையா இருக்கணும். கட்டிங் டிஸ்க்ல ஒடுங்கின சந்தா வெட்டி வெச்சா திரும்ப அதே ஸ்லாக் அதே இடத்துல மாட்டும். ரூட் முழுக்க பிடிக்கலைனு தெரிஞ்சா ஒட்டுப் போடாம மொத்த நீளத்தையும் எடுத்துடறதுதான் நேர்மை.

டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள்ள சாயம் இறக்கிப் பாக்கற சோதனை) போட்டுப் பாத்துட்டோம், ஒண்ணும் இல்லனு சொல்வாங்க. மேல வாய் திறந்திருக்கற விரிசல், ஓட்டை மட்டும்தான் அதுல தெரியும், உள்ள ரூட்ல இருக்கற ஸ்லாக் தெரியாது. ஃபில்லெட்ல எக்ஸ்ரேயும் அல்ட்ராசோனிக்கும் அந்த வடிவத்தால சுலபமா செல்லுபடியாகாது. அதனாலதான் டெஸ்ட் பீஸை உடைக்கறது இன்னும் வழக்கத்துல இருக்கு. வெல்டு குறைகளுக்கு எல்லை வெக்கற ஐ.எஸ்.ஓ 5817-ல பி, சி தரத்துக்கு ஃபியூஷன் ஆகாத இடம் துளி கூட அனுமதி இல்ல, ஸ்லாக்குக்கு மட்டும்தான் அளவு வெச்சு கொஞ்சம் விட்டுக் கொடுக்கறாங்க.

திரும்ப டெஸ்ட் பீஸ் போடும்போது ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான். ஆம்பியர் ஏத்தினா கோணத்தைத் தொடாதீங்க. ஒவ்வொரு துண்டு மேலயும் சாக்பீஸால ராடு, ஆம்பியர், பிளஸ்ஸா மைனஸா, ஒரு ராடுக்கு எத்தனை மி.மீ வந்துச்சு எல்லாம் எழுதிட்டு உடைங்க. நான் அப்படி வரிசையா ஏழு துண்டு உடைச்சேன், ஆறாவதுல விளிம்பு பாதி உருகியிருந்துச்சு, ஏழாவது மடங்கிப் படுத்துச்சு, உடையல. 105-ல இருந்து 125-க்கு ஏத்தினது, 4 மி.மீ ராடை விட்டுட்டு 3.15 எடுத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.